பசுவும் முசுவும்

எங்கள் திருத்தணிப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் பேசினால் அடிக்கடி ஒரு கணக்கு காதில் விழும். "ரேஷன் அரிசிய வேகவெச்சு ரெண்டு வேளை ஊத்தினா அரை லிட்டர் கூடக் கறக்குது சார். பிண்ணாக்கு விக்கிற விலைக்கு யாரு வாங்கிப் போடறது? அரிசி சும்மா வருது." சொல்பவர் சோம்பேறி இல்லை, பேராசைக்காரரும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி வாருகிறவர்தான். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கையில் சும்மா கிடைப்பது ஒன்று, கடையில் காசு கொடுத்து வாங்குவது இன்னொன்று என்றால், மனிதன் முதலாவதைத்தான் எடுப்பான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது. அது பசுவின் வயிறு. இயற்கை வேளாண்மை பேசுகிற நம்மில் பலரும் அந்தச் செலவை எழுதுவதில்லை. யூரியா மூட்டையைத் தோட்டத்துக்குள் விடமாட்டோம். அதே கையால் ஒரு குண்டான் சோற்றைத் தொட்டியில் கொட்டுவோம். இரண்டும் ஒரே தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு ஒரு குரங்கைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு குரங்கு, இரண்டு வயிறு

கோயில் மலைகளில் தேங்காய் மூடியையும் பிரசாதப் பொட்டலத்தையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற நாட்டுக்குரங்கை எல்லாருக்கும் தெரியும். கிடைத்ததைக் கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டு போய், பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து மெல்லும். அதற்குக் கன்னப்பை உண்டு. பழம், கொட்டை, கிழங்கு, பொரி, சோறு எதுவானாலும் தின்னும். ஏறக்குறைய நம்மைப் போன்ற வயிறு.

இன்னொரு குரங்கு இருக்கிறது. எல்லை தாண்டித் திருமலை, சேஷாசலம் காட்டுப் பக்கம் போனால் பார்க்கலாம். கருத்த முகம், சாம்பல் உடம்பு, நீண்ட வால். தெலுங்கில் கொண்டமுச்சு. பழைய தமிழில் முசு. 'முச்சு', 'முசு' என்ற சொற்களைச் சேர்த்துப் பார்த்தாலே உறவு தெரியும். எல்லை ஓரத்தில் இருக்கும் எங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முசுவுக்குக் கன்னப்பை கிடையாது. அதன் முக்கிய உணவு இலை. அதன் இரைப்பை நம்முடையதைப் போல ஒற்றைப் பை இல்லை. பல அறைகளாகப் பிரிந்து, பெரிதாக, மாட்டு வயிற்றை நினைவுபடுத்தும்.

இந்த வயிறுதான் விஞ்ஞானிகளை யோசிக்க வைத்தது.

முதலில் மாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பசு புல் தின்று வாழ்கிறது என்பது பாதி உண்மை. புல்லிலும் வைக்கோலிலும் இருக்கும் நாரை உடைக்கிற நொதி பசுவின் உடம்பில் சுரப்பதில்லை. எந்தப் பாலூட்டியின் உடம்பிலும் சுரப்பதில்லை. பசுவின் முதல் வயிற்றில் குடியிருக்கும் கோடானு கோடி நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவை நாரைப் புளிக்க வைக்கும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம் போன்றவற்றைப் பசு உறிஞ்சிச் சக்தியாக்கிக்கொள்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்தடுத்த வயிறுகளுக்குத் தள்ளப்பட்டு, அங்கே செரிக்கப்பட்டு, பசுவுக்குப் புரதமாகின்றன. பசுவின் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும் புரதத்தில் பொதுவாகப் பாதிக்கு மேல் இந்த நுண்ணுயிர்களின் உடம்புதான். ஆக, பசு புல்லைக் கொடுத்து நுண்ணுயிரைப் பயிர் செய்கிறது. பிறகு அந்த விளைச்சலை அறுத்துச் சாப்பிடுகிறது. அதுவும் ஒரு விவசாயிதான்.

நுண்ணுயிரைச் செரிக்க வேண்டுமென்றால் அதன் சுவரை முதலில் உடைக்க வேண்டும். அதற்கு லைசோசைம் என்ற நொதி உண்டு. 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்தது. பெனிசிலினுக்குப் பல வருடம் முன்பு அவர் செய்த வேலை. நம் கண்ணீரிலும் எச்சிலிலும் அது இருக்கிறது. கோழி முட்டையின் வெள்ளைக்கருவிலும் இருக்கிறது. எங்கே இருந்தாலும் அதன் வேலை காவல். உள்ளே நுழையும் பாக்டீரியாவின் சுவரை உடைத்துக் கொல்வது. பசுவின் உடம்பு இந்தக் காவல்காரனைக் கூப்பிட்டுச் சமையல் வேலைக்கும் வைத்துக்கொண்டது. பசுவின் நான்காம் வயிற்றில் லைசோசைம் நிறையச் சுரக்கிறது. சாதாரண லைசோசைம் அந்த அமிலத்தில் தாக்குப்பிடிக்காது. பசுவினுடையது தாக்குப்பிடிக்கும். புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் அதைச் சுலபத்தில் அழிக்க முடியாது. அந்த வேலைக்கென்றே அது மாறியிருக்கிறது.

1987-இல் அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் காரோ-பெத் ஸ்டூவர்ட், ஆலன் வில்சன் ஆகியோர் அடங்கிய குழு முசுவின் வயிற்று லைசோசைமை எடுத்து, அமினோ அமிலங்களின் வரிசையை எழுதிப் பார்த்தது. 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. முசு குரங்கினம். அதன் லைசோசைம் மற்ற குரங்குகளையும் மனிதனையும் போலத்தான் இருக்க வேண்டும். ஆனால் சில முக்கியமான இடங்களில் அது பசுவினுடையதைப் போல மாறியிருந்தது. முசுவின் காவல்காரனும் அமிலத்தில் வேலை செய்யப் பழகியிருந்தான்.

பசுவுக்கும் முசுவுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்த மூதாதைக்கு இப்படிப்பட்ட வயிறு கிடையாது. அதனால் இது பாட்டன் சொத்தாக இருவருக்கும் வந்த ஒற்றுமை இல்லை. தனித்தனியாகச் சம்பாதித்தது. இதை ஒருங்கு பரிணாமம் என்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வருகிற காவடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரக்கோணத்தில் ரயில் பிடித்து வருபவர் உண்டு, நகரியிலிருந்து பஸ்ஸில் வருபவர் உண்டு, காஞ்சிபுரம் பக்கமிருந்து நடந்தே வருபவர் உண்டு. ஒருவரை ஒருவர் தெரியாது. பேசும் மொழிகூட வேறு. கடைசியில் எல்லாரும் நிற்பது ஒரே மலை உச்சியில். இலை தின்று பிழைப்பது என்பது அப்படி ஒரு மலை. அதற்கு ஏறியவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி வயிறு வந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் ஹோட்சின் என்றொரு பறவை உண்டு. இலை தின்னும் பறவை. அதன் தீனிப்பையிலும் புளிக்க வைக்கும் வேலை நடக்கிறது. 1994-இல் அதன் லைசோசைமைப் பார்த்தார்கள். பறவையும் அதே பக்கம்தான் மாறியிருந்தது. 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மரபணுவியலாளர் ஜியான்ஷி ஜாங் குழுவினர், இலை தின்னும் இன்னொரு ஆசியக் குரங்கில் வேறொரு செரிமான நொதியின் மரபணு இரட்டிப்பாகி, ஒரு பிரதி இந்த நுண்ணுயிர்களைச் செரிக்கும் வேலைக்குத் தக்கபடி மாறியிருப்பதைக் காட்டினார்கள்.

இதில் உழவர்களாகிய நமக்கு என்ன இருக்கிறது? ஒரு பிராணி எதைத் தின்கிறது என்பது அதன் பழக்கம் மட்டும் இல்லை. அது அந்தப் பிராணியின் கட்டுமானம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் கட்டிய வீடு. பழக்கத்தை மாற்றலாம். வீட்டின் அஸ்திவாரத்தை ஒரு குண்டான் கஞ்சியால் மாற்ற முடியாது.

மாவுக்கு வேறு ஒரு மலை

சோற்றின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். சோற்றை வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. இந்த நொதிக்கான மரபணு நம் உடம்பில் ஒரே ஒரு ஜோடியாக இல்லை. பல பிரதிகளாக இருக்கிறது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் எண்ணிக்கை மாறும். மாவுப்பொருள் அதிகம் உண்டு வாழ்ந்த மக்களிடம் சராசரியாகப் பிரதிகள் கூடுதல் என்று 2007-இல் ஜார்ஜ் பெர்ரி குழு காட்டியது.

நாயைப் பற்றிய ஆய்வு இன்னும் சுவாரசியம். ஓநாய்க்குக் கணைய அமிலேஸ் மரபணு இரண்டே பிரதி. நம்மோடு வந்து நம் மிச்சத்தைத் தின்ற நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் எரிக் அக்ஸெல்சன் குழு கண்டது. 2019-இல் பஃபலோ பல்கலைக்கழக மரபணுவியலாளர் ஒமெர் கோக்சுமென் குழு இதைப் பல பாலூட்டிகளுக்கு விரித்துப் பார்த்தது. ஊர் பெயர்தான் எருமை. ஆராய்ச்சி எச்சிலைப் பற்றியது. 40-க்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டார்கள். மாவு அதிகம் தின்னும் இனங்களில் அமிலேஸ் பிரதிகள் தனித்தனியாகப் பெருகியிருந்தன. நாய், பன்றி, எலி, சுண்டெலி. இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் களத்துமேட்டைச் சுற்றி வரும் கும்பல் அப்படியே அதில் இருக்கிறது.

அந்தக் கும்பலில் பசு இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் வாசலில் கட்டியிருக்கிறோம். பொங்கல் வைத்துப் படையல் போடுகிறோம். ஆனாலும் பசுவின் எச்சிலில் இன்றுவரை சொல்லிக்கொள்ளும்படி அமிலேஸ் கிடையாது. அது நம்மோடு வாழ்ந்தது. நம் சோற்றை நம்பி வாழவில்லை. மேய்ந்து வாழ்ந்தது.

சோறு உள்ளே போனால்

சரி, அமிலேஸ் இல்லாவிட்டால் என்ன, உள்ளே இருக்கும் நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பார்த்துக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்பவை. அமிலமும் காரமும் சமமாக இருக்கும் சூழல், அதாவது அமில-கார அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால்தான் அவை செழிக்கும். நார்த்தீவனத்தைப் பசு நிறைய நேரம் அசைபோடும். அசைபோடும்போது எச்சில் ஊறும். ஒரு பெரிய பசுவுக்கு ஒரு நாளில் 100 லிட்டர் அளவுக்கு ஊறும். அந்த எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. அது உள்ளே போய் அமிலத்தைச் சமன் செய்துகொண்டே இருக்கும். புல், அசை, எச்சில், சமநிலை என்று ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்கும் ஏற்பாடு.

வெந்த சோறு அசைபோட வேண்டியதில்லை. எச்சில் குறைகிறது. மாவைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு அது கல்யாண விருந்து. அவை மின்னல் வேகத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. அமில-கார அளவு 5-க்குக் கீழே இறங்கினால் நாரை உடைப்பவை செத்துப்போகும். முதல் வயிறு அசைவதை நிறுத்தும். உடம்பின் தண்ணீர் எல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு தீனி எடுக்காது, அசைபோடாது, வயிறு உப்பும், சாணம் தண்ணீராகப் புளித்த நாற்றத்தோடு போகும், தள்ளாடி உட்காரும். கவனிக்காவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். கால்நடை மருத்துவர்கள் இதை அசிடோசிஸ் என்பார்கள். நம்ம ஊர்ப் பேச்சில், "சோறு தின்ன மாடு உப்பிப் போச்சு."

2024 ஜூன் மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவையும் பலாப்பழத்தையும் அளவுக்கு மீறித் தின்ற ஐந்து பசுக்கள் இறந்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நம் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும், கல்யாணப் பந்தி மிச்சத்தைக் கொட்டிய மறுநாளும் கால்நடை மருத்துவரின் போன் ஓயாமல் அடிப்பதற்குக் காரணமும் இதேதான்.

சாவு வெளியே தெரியும். தெரியாத நஷ்டம் இன்னொன்று உண்டு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு தின்னும் மாடு உடனே சாகாது. அதன் வயிறு எப்போதும் லேசான அமிலத்திலேயே இருக்கும். பாலில் கொழுப்பு உருவாக அசிட்டிக் அமிலம் வேண்டும். அது நாரிலிருந்துதான் அதிகம் வருகிறது. நார் குறைந்து மாவு கூடினால் பாலில் கொழுப்பு இறங்கும். அரை லிட்டர் கூடுதலாகக் கறந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். சங்கத்தில் பாலைக் கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? அந்தச் சீட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். குளம்பு வீங்கி நொண்டுவதும் இதனால் வருவதுண்டு. லிட்டரை வரவில் எழுதிவிட்டு, கொழுப்பையும் குளம்பையும் மருந்துச் செலவையும் எழுதாமல் விட்டால் அது கணக்கு ஆகாது.

மண்ணும் வயிறும்

செடிக்கு உரம் போடாதே, மண்ணுக்குப் போடு என்பது நம் இயக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். மண்ணில் உள்ள நுண்ணுயிரை வாழவைத்தால் அது செடியை வாழவைக்கும். யூரியா போட்டால் செடி சட்டென்று கரும்பச்சையாக நிமிரும். மண் தளரும். மாட்டு வயிறும் அப்படித்தான். நாம் தீனி போடுவது மாட்டுக்கு இல்லை, அதற்குள் இருக்கும் குடிகளுக்கு. சோறு போட்டால் பால் சட்டென்று கூடும். குடிகள் அழியும். ஒன்றைத் தோட்டத்தில் ஒப்புக்கொண்டவர்கள் இன்னொன்றைத் தொழுவத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு மூன்று எதிர்க்கேள்விகள் வரும். நேராகவே பதில் சொல்கிறேன்.

"எங்க ஆயா காலத்துல இருந்து கழுநீர் வெக்கிறோமே?" வைக்கலாம். அரிசி கழுவிய தண்ணீரும், வடித்த கஞ்சியில் கொஞ்சமும், கைப்பிடி தவிடும் வேறு. நாள் முழுக்க மேய்ந்துவிட்டு வந்த மாட்டுக்கு அது ஒரு வாய்த் தண்ணீர். மேய்ச்சலே இல்லாமல் கட்டிப்போட்ட மாட்டுக்கு நாலு கிலோ சோறு என்பது வேறு விவகாரம். ஆயா சொன்னது அளவு. நாம் அளவை விட்டுவிட்டு ஆயாவை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதே ஆயா காலத்தில் அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அது இலை. மாட்டு வயிற்றுக்குச் சொந்தமானது. சோற்றுப் புண்ணியத்தைவிடக் கீரைப் புண்ணியம் பெரிது.

"அப்போ அடர்தீவனமே வேண்டாமா?" கறக்கும் மாட்டுக்கு வேண்டும். இரண்டரை முதல் மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது பசுந்தீவனத்துக்கும் வைக்கோலுக்கும் மேலே வைக்கும் தொடுகறி. தொடுகறியே சாப்பாடு ஆகிவிடக் கூடாது. தீவனம் எதுவானாலும் மாற்றுவதை இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் குடிகள் மாறுவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும்.

மூன்றாவது கேள்வி நம் ஆட்களிடமிருந்தே வரும். "அதான் சார் நாங்களும் சொல்றோம். மாட்டுக்குப் புல்லு மாதிரி மனுசனுக்கும் பாட்டன் தின்ன சாப்பாடுதான் ஒத்துக்கும்." இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இந்தியா முழுவதும் பல சமூகத்தாரின் மரபணுவைப் பார்த்து 2012-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க வைக்கும் மரபணு மாற்றம் இந்தியாவில் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. தெற்கிலேயே நீலகிரித் தோடர்கள் போன்ற கால்நடை வளர்ப்போரிடம் அதிகம். இந்தியாவில் இருப்பது ஐரோப்பாவில் இருக்கும் அதே மாற்றம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்ப்போரிடம் இருப்பது வேறு மாற்றம் என்று 2007-இல் சாரா டிஷ்காஃப் குழு காட்டியது. பசுவும் முசுவும் போல, அங்கேயும் இங்கேயும் தனித்தனியாக வந்தது. ஆக, நம் எல்லாருக்கும் பொதுவான ஒரே பாட்டனும் இல்லை, ஒரே பாட்டன் சாப்பாடும் இல்லை. பாட்டன் பெயரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் விற்கிற கடைகளும் பெருகிவிட்டன. நாம் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்த மரபணு இல்லாத நம் ஊர்க்காரர்கள் பாலை விட்டுவிட்டார்களா? இல்லை. தயிராக்கினார்கள், மோராக்கினார்கள். பால் சர்க்கரையில் ஒரு பங்கை உறை மோரில் இருக்கும் பாக்டீரியா முன்னாலேயே உடைத்துக் கொடுத்துவிடுகிறது. வயிற்றுக்குள் இல்லாததைச் சட்டியில் செய்துகொண்டோம். மனிதனுக்கு அடுப்படி வெளியே இருக்கிறது. வேகவைப்பான், ஊறவைப்பான், புளிக்கவைப்பான், எதையும் தனக்கு ஏற்றபடி மாற்றித் தின்பான். பசுவின் அடுப்படி அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. புளிக்க வைப்பதை அது உள்ளேதான் செய்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த அடுப்படிக்குப் புல்லும் இலையும் கொண்டுபோய்க் கொடுப்பது. நம் அடுப்படியைத் தூக்கி அதற்குள் கொட்டுவது கூடாது.

புல்லுக்கு நிலம் எங்கே?

இவ்வளவும் கேட்டுவிட்டு, காலையில் அரிசி வேகவைக்கும் அந்த நண்பர் ஒரே கேள்வி கேட்பார். "புல்லு எங்க சார் இருக்குது?"

அவர் கேட்பது நியாயம். நான் வங்கியில் இருந்த காலத்தில் கறவை மாட்டுக் கடன் விண்ணப்பம் நிறையப் பார்த்தவன். மாட்டின் விலை, கொட்டகை, இன்சூரன்ஸ், எத்தனை லிட்டர், எந்தச் சங்கம், எல்லாம் விவரமாக இருக்கும். பசுந்தீவனம் எங்கிருந்து வரும் என்ற இடத்தில் 'சொந்த நிலம்' என்று இரண்டே சொல். போய்ப் பார்த்தால் அந்தச் சொந்த நிலத்தில் கரும்பு நிற்கும். நிலமே இல்லாதவர் மேய்ச்சலை நம்பித்தான் மாடு வாங்குவார். மேய்ச்சல் நிலமோ வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது. சென்னை–திருப்பதி சாலையின் இரு பக்கமும் மனைப் பிரிவுக் கற்கள் நிற்கின்றன. அரிசி வீடு தேடி வந்தது. புல் வீட்டை விட்டுப் போனது. அதனால்தான் தொட்டியில் சோறு. நண்பரைத் திட்டிப் பயனில்லை.

நம் கிராமங்களில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வகை நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் உண்டு. அ-பதிவேட்டில் சர்வே எண்ணோடும் பரப்போடும் எழுதியிருக்கும். ஊர் மாடுகளின் வயிற்றுக்காக ஊர் ஒதுக்கிய சொத்து. தரையில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், அல்லது யாரோ வேலி போட்டிருப்பார்கள், அல்லது ஏதோ ஒரு கட்டடம் எழும்பியிருக்கும். 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை ஊரில் மேய்க்கால் நிலத்தைக் கேட்டிருக்கிறோம்? நாட்டுமாட்டைக் காப்போம் என்று பதாகை பிடிக்கிறோம். அதன் புல்லைக் காக்காமல் மாட்டை மட்டும் எப்படிக் காப்பது?

அதனால் இயக்கத்தின் முன் என் கோரிக்கை இரண்டு.

முதலாவது, மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று தீவனத்துக்கு நிலம் ஒதுக்க வேண்டும். தண்ணீர் வசதி இருந்தால் பத்து சென்ட்டில் கம்பு நேப்பியர் புல் வைத்தால் ஒரு மாட்டுக்கு ஈடு கொடுக்கும். முதல் அறுப்பு இரண்டரை மாதத்தில், பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை. தண்ணீர் குறைந்த காட்டில் தீவனச் சோளம் போடலாம். இளம்பயிரை மட்டும் மாட்டுக்குக் காட்டாதீர்கள், அதில் விஷம் உண்டு. பூக்கும் பருவத்தில் அறுங்கள். வேலி ஓரத்தில் அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால். இவை உள்ளே இருக்கும் குடிகளுக்குத் தழைச்சத்து. சூபாபுல் இருந்தால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நம் பகுதியில் கடலைக்கொடியும் கரும்புக் கொழுந்தாடையும் கிடைக்கிறபோது வீணாக்காதீர்கள். வீட்டில் யாராவது அளவு தெரியாமல் சோறு வைத்துவிட்டால், மாடு உட்காரும் வரை காத்திருக்காமல் அப்போதே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் ஊர் அ-பதிவேட்டின் நகலை வாங்கிக்கொண்டு போங்கள். மேய்க்கால் புறம்போக்கு எத்தனை ஏக்கர், எந்த சர்வே எண், இன்று அதில் என்ன நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அளந்து, கல் நட்டு, கருவேலத்தை எடுத்து, புல்லும் தீவன மரமும் வைக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நிலமில்லாத வீட்டு மாடுகளுக்கு அதில் முதல் உரிமை என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தில் நடக்காது. மூன்று கூட்டம் ஆகலாம், நாலு கூட்டம் ஆகலாம். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏறினால் போதும், அடுத்த முறை கேட்கப் பிடி கிடைக்கும்.

அரசு இலவச அரிசி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஏழை வீட்டு உலை அதில்தான் கொதிக்கிறது. அது மனிதனின் உலைக்கு வந்த அரிசி. மாட்டின் உலைக்கு வரவேண்டியது புல். அந்தப் புல்லை எந்தக் கடையிலும் அட்டை காட்டி வாங்க முடியாது. நிலத்தைக் கேட்டு வாங்கி, நாமே வளர்க்க வேண்டும்.